170 தொப்பிகள்: ஒரு ரக்பி ஃபார்வர்டின் கணக்கைப் படிப்பது எப்படி?

அர்ஜென்டினாவின் தெற்கில், அட்லாண்டிக் கரையில் புவெர்ட்டோ மாட்ரின் என்றொரு ஊர் இருக்கிறது. 1865-இல் 'மிமோசா' என்ற கப்பலில் வேல்ஸிலிருந்து குடியேற வந்தவர்கள் கரையிறங்கிய இடம் அது. 2006 ஜூன் 11 அன்று அதே ஊரில் வேல்ஸ் ரக்பி அணி அர்ஜென்டினாவோடு ஆடி, 25-27 என்று தோற்றது. அன்றைக்கு முதல் தடவையாக வேல்ஸின் சிவப்புச் சட்டையைப் போட்டவர்களில் ஒருவர் ஸ்வான்சி நகரத்துப் பையன் அலன் வின் ஜோன்ஸ். வயது 20.

கிட்டத்தட்ட 17 வருடம் கழித்து, 2023 மே மாதம் அவர் சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபோது பெயருக்குப் பக்கத்தில் 170 என்ற எண் இருந்தது. ரக்பி யூனியனில் அதற்கு முன் வேறு யாரும் அந்த எண்ணைத் தொட்டதில்லை.

170 என்றால் என்ன? ரன்னா, கோலா, புள்ளியா? எதுவும் இல்லை. 170 ஆட்டங்களில் களம் இறங்கினார், அவ்வளவுதான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். சச்சின் 200 டெஸ்ட் ஆடினார் என்று சொன்னால் அடுத்த கேள்வி "எத்தனை செஞ்சுரி?" என்றுதான் வரும். ஜோன்ஸ் விஷயத்தில் அந்த அடுத்த கேள்விக்கு இடமே இல்லை. அத்தனை வருடத்தில் அவர் போட்ட ட்ரைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் ஆட்டம் தெரிந்தவர்கள் அந்த 170-ஐக் கேட்டதும் ஒரு நிமிடம் பேச்சை நிறுத்துவார்கள். ஏன் என்று புரிய வேண்டுமானால் முதலில் ஃபார்வர்ட் என்பவர் யார் என்று பார்க்க வேண்டும்.

ரக்பி யூனியனில் ஒரு அணிக்கு 15 பேர், ஆட்டம் 80 நிமிடம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் ஓடலாம், ஆனால் கையால் முன்பக்கம் எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து அழுத்தினால் அது ட்ரை, 5 புள்ளி. இதைத் தெரிந்துகொண்டாலே பாதி ஆட்டம் புரிந்துவிடும்.

15 பேரில் 1 முதல் 8 வரை எண் போட்டவர்கள் ஃபார்வர்ட்கள், மீதி 7 பேர் பேக்குகள். டிவியில் வெட்டி ஒட்டிக் காட்டும் காட்சிகளில் பெரும்பாலும் பேக்குகள்தான் ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் ஓடுவதற்குப் பந்து வேண்டுமே, அதை யார் எடுத்துத் தருவது? ஃபார்வர்ட்கள்தான். வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் பரிமாறுகிறவர் முகம் எல்லோருக்கும் தெரியும். பின்கட்டில் அடுப்போடு நிற்கிறவரை யாரும் பார்ப்பதில்லை. கிட்டத்தட்ட அந்த மாதிரி.

எட்டுப் பேரும் ஒரே வேலை செய்வதில்லை. முன் வரிசையில் இரண்டு ப்ராப், நடுவில் ஒரு ஹூக்கர். அவர்களுக்குப் பின்னால் 4, 5 எண்களோடு இரண்டு லாக். ஓரங்களில் ஃப்ளாங்கர்கள், கடைசியில் 8-ஆம் எண்காரர். ஜோன்ஸ் முதல் ஆட்டத்தில் இறங்கியது ஃப்ளாங்கராக, ஆனால் வாழ்நாள் முழுக்க ஆடியது லாக்காக.

லாக் என்பவருக்கு மூன்று முக்கியமான வேலைகள். ஒன்று ஸ்க்ரம். சின்னத் தவறு ஏதாவது நடந்து ஆட்டம் நின்றால், இரண்டு அணிகளின் எட்டுப் பேரும் குனிந்து, கோர்த்துக்கொண்டு, தோளோடு தோள் முட்டித் தள்ளுவார்கள். உலகத் தரத்து அணியில் ஒரு பக்கத்து எடை மட்டும் 900 கிலோவை ஒட்டி வரும். இதில் லாக்குகள் இரண்டாம் வரிசை. முன்னால் இருக்கும் ஹூக்கருக்கும் ப்ராப்புக்கும் இடையே, அவர்கள் இடுப்புக்கும் தொடைக்கும் நடுவே தலையை நுழைத்து, முழு பலத்தையும் முன்னால் கடத்த வேண்டும். லாக்குகளின் காதுகள் பல வருடம் அப்படி உரசி உரசி வீங்கி, மடங்கி, உருமாறிப் போயிருக்கும். சிலர் காதைச் சேர்த்துத் தலையைச் சுற்றி டேப் ஒட்டிக்கொள்வார்கள். முதலில் பார்த்தபோது அடிபட்டுக் கட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

இரண்டாவது வேலை லைன்அவுட். பந்து பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே போனால், இரண்டு அணியும் பக்கத்துப் பக்கத்தில் வரிசையாக நிற்க, நடுவே பந்தை நேராக எறிவார்கள். அதைப் பிடிக்கத் தாவுகிறவர் பெரும்பாலும் லாக். தாவுகிறார் என்பதைவிட, இரண்டு பேர் அவருடைய தொடையைப் பிடித்து மேலே தூக்குகிறார்கள் என்பது சரி. ஜோன்ஸின் உயரம் 1.98 மீட்டர். தூக்கிவிட்டால் எங்கே இருப்பார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆனால் உயரம் மட்டும் போதாது. பந்து முன்னால் வருமா, நடுவிலா, பின்னாலா என்பதற்கு ஒவ்வொரு அணிக்கும் ரகசியச் சொற்கள் உண்டு. எதிரணியின் அசைவைப் பார்த்து, எந்தச் சொல் என்று முடிவு செய்வது பெரும்பாலும் லாக்கின் பொறுப்பு. ஸ்வான்சி பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துப் பட்டம் வாங்கிய ஜோன்ஸுக்கு இந்தப் பகுதி பிடித்திருந்தால் ஆச்சரியமில்லை.

மூன்றாவது வேலைக்கு அழகான பெயர் கிடையாது. எதிராளியைப் பிடித்து விழ வைப்பது, தன் ஆள் விழுந்தால் ஓடிப்போய் மேலே நின்று எதிரணியைத் தள்ளி விலக்குவது, எழுந்து அடுத்த இடத்துக்கு ஓடுவது. ஒரே ஆட்டத்தில் பதினைந்து இருபது தடவை இதைச் செய்த லாக்கின் பெயர் மறுநாள் செய்தித்தாளில் ஒரு வரிகூட வராமல் போகலாம்.

இப்போது 'தொப்பி'க்கு வருவோம். சர்வதேச ஆட்டம் ஒன்றில் ஆடினால் ஒரு 'கேப்' என்பது கணக்கு. பழைய இங்கிலாந்துப் பள்ளிகளில் அணியில் இடம் பிடித்த மாணவர்களுக்கு நிஜமாகவே தொப்பி கொடுப்பார்கள், பேர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. இன்றும் முதல் ஆட்டம் ஆடியவருக்குக் குஞ்சம் வைத்த வெல்வெட் தொப்பி கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. ஆனால் 170 கேப் என்றால் வீட்டில் 170 தொப்பி இருக்கிறது என்று அர்த்தமில்லை. கடைசி ஒரு நிமிடத்துக்கு மாற்று ஆளாக இறங்கினாலும் ஒரு கேப்; 80 நிமிடமும் ஆடினாலும் ஒரு கேப்தான்.

எல்லா ஆட்டமும் கணக்கில் சேராது. நாடும் நாடும் மோதும் ஆட்டம்தான் 'டெஸ்ட்'. ஐந்து நாள் கிரிக்கெட்டை நினைத்துக் குழம்ப வேண்டாம், ரக்பியில் சர்வதேச ஆட்டத்துக்கே அந்தப் பெயர்தான். வேல்ஸ்காரர் ஒருவருக்கு வருடாவருடம் டெஸ்ட் வருவது மூன்று பருவங்களில். பிப்ரவரி, மார்ச்சில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, பிரான்ஸ், இத்தாலி ஆகியவற்றோடு ஆடும் ஆறு நாடுகள் கோப்பை, அதில் ஐந்து ஆட்டம். கோடையில் பெரும்பாலும் தெற்குக் கோளத்து நாடு ஒன்றுக்குப் பயணம். நவம்பரில் அந்த நாடுகள் பதிலுக்கு வருவது. நான்கு வருடத்துக்கு ஒருமுறை உலகக் கோப்பை. நடுவில் சொந்த கிளப்புக்கு ஆடும் ஆட்டங்கள் தனி, அவை இந்த எண்ணில் வராது. ஜோன்ஸ் அப்படி ஸ்வான்சியின் ஆஸ்ப்ரீஸ் அணிக்கு 2023 வரை ஆடிக்கொண்டே இருந்தார்.

ஆக, வருடத்துக்கு சராசரியாகப் பத்து டெஸ்ட், 17 வருடம் என்றால் 170. கணக்கு சுலபமாக இருக்கிறது. ஆனால் இதற்கு நடுவில் தோள், முழங்கால், கழுத்து எதுவும் நீண்ட நாள் படுக்கவைக்கக் கூடாது. வருடாவருடம் வரும் புதிய பையன்கள் இடத்தைப் பிடித்துவிடக் கூடாது. பயிற்சியாளர்கள் மாறினாலும் எல்லோருக்கும் பிடித்தவராக இருக்க வேண்டும். இத்தனையும் ஒரே ஆளுக்கு அமைவது அபூர்வம்.

பழைய ஆட்களோடு ஒப்பிடும்போது மட்டும் எண்களைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும். அயர்லாந்தின் வில்லி ஜான் மெக்பிரைடும் ஒரு லாக்தான். 1962 முதல் 1975 வரை அயர்லாந்துக்கு 63, லயன்ஸுக்கு 17, மொத்தம் 80 டெஸ்ட். அப்படியானால் ஜோன்ஸில் பாதியா? இல்லை. மெக்பிரைடுக்கு வங்கியில் வேலை, ரக்பி ஆடுவதற்குச் சம்பளம் கிடையாது. 1995 வரை ரக்பி யூனியனில் ஆடுவதற்குக் காசு வாங்கக் கூடாது என்பதுதான் சட்டம். அன்றைக்கு இத்தாலி சேரவில்லை, ஐந்து நாடுகள் போட்டியில் வருடத்துக்கு நான்கு ஆட்டம்தான். உலகக் கோப்பை தொடங்கியதே 1987-இல். களைத்தவரை வெளியே அழைத்துப் புதிய ஆளை இறக்கும் வசதியும் 1990-களின் பாதிக்குப் பிறகுதான் வந்தது. என்னைக் கேட்டால் மெக்பிரைடின் 80-ஐ ஜோன்ஸின் 170-க்குக் கொஞ்சமும் குறைவாக வைக்க மாட்டேன்.

லயன்ஸ் என்று சொன்னேன். ஜோன்ஸின் எண்ணைப் பல இடங்களில் 158 என்றும் சில இடங்களில் 170 என்றும் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு விடை இதில்தான் இருக்கிறது. வேல்ஸுக்கு ஆடியது 158. பாக்கி 12-உம் பிரிட்டிஷ் அண்ட் ஐரிஷ் லயன்ஸ் அணிக்கு. நான்கு வருடத்துக்கு ஒருமுறை இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நான்கும் தங்கள் சிறந்த ஆட்டக்காரர்களை ஒரே அணியாகச் சேர்த்து தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றில் ஏதாவது ஒன்றுக்கு அனுப்பும். பிப்ரவரியில் ஒருவர் காதை ஒருவர் நசுக்கியவர்கள் ஜூலையில் ஒரே அறையில் தங்குவார்கள். ஒரு தடவை லயன்ஸில் இடம் கிடைத்தாலே வாழ்நாள் பெருமை. ஜோன்ஸ் நான்கு தடவை போனார்: 2009, 2013, 2017, 2021. நான்கு தொடரிலும் மூன்று மூன்று டெஸ்ட், ஒன்றைக்கூட விடவில்லை.

இந்தக் கதையில் வாரன் காட்லண்ட் என்ற நியூசிலாந்துக்காரரைச் சொல்லாமல் போக முடியாது. 2007 கடைசியில் வேல்ஸின் பயிற்சியாளராக வந்தவர். 2010 பிப்ரவரியில் லண்டனின் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்தோடு ஆட்டம். ஜோன்ஸ் காலை நீட்டி டிலன் ஹார்ட்லியைத் தடுக்கிவிட்டார். மஞ்சள் அட்டை. ரக்பியில் மஞ்சள் அட்டை வெறும் எச்சரிக்கை இல்லை, பத்து நிமிடம் வெளியே உட்கார வேண்டும், அணி 14 பேரோடு ஆட வேண்டும். அந்த இடைவெளியில் இங்கிலாந்து 17 புள்ளி எடுத்தது. வேல்ஸ் 17-30 என்று தோற்றது. எதிரிகளின் வெற்றி வித்தியாசத்தைவிட அந்தப் பத்து நிமிடத்தின் விலை அதிகம். காட்லண்ட் ஆட்டம் முடிந்ததும் வெளிப்படையாகவே ஜோன்ஸைக் கடிந்துகொண்டார்.

ஒரு 24 வயது ஆட்டக்காரரை அந்த மாதிரி ஒரு மாலை முடக்கிப்போட்டிருக்கலாம். நடந்தது வேறு. மூன்று வருடம் கழித்து லயன்ஸோடு ஆஸ்திரேலியா போனபோது பயிற்சியாளர் அதே காட்லண்ட். தொடர் 1-1 என்று நிற்கிறது, கேப்டன் சாம் வார்பர்டனுக்குத் தொடையில் காயம், சிட்னியில் கடைசி டெஸ்ட். காட்லண்ட் கேப்டன் பொறுப்பைத் தூக்கிக் கொடுத்தது ஜோன்ஸிடம். லயன்ஸ் 41-16 என்று ஜெயித்தது, 1997-க்குப் பிறகு அவர்கள் வென்ற முதல் தொடர் அது. 2021-இலும் காட்லண்டே பயிற்சியாளர், ஜோன்ஸே கேப்டன்.

2021 கதை தனியாகச் சொல்ல வேண்டியது. தென்னாப்பிரிக்கா கிளம்புவதற்கு முன், ஜூன் 26 அன்று எடின்பரோவில் ஜப்பானோடு ஒரு ஆட்டம் வைத்தார்கள். தொடங்கிச் சில நிமிடங்களிலேயே ஜோன்ஸின் இடது தோள் மூட்டு நழுவிவிட்டது. வயது 35. பயணம் முடிந்தது என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். கேப்டன் பொறுப்பை அயர்லாந்தின் கானர் மர்ரேயிடம் கொடுத்துவிட்டு அணி விமானம் ஏறியது. ஜூலை 17, அதாவது சரியாக 21 நாள் கழித்து, ஜோன்ஸ் கேப் டவுனில் ஸ்டார்மர்ஸ் அணிக்கு எதிராகக் களத்தில் நின்றார். அடுத்த வாரம் முதல் டெஸ்ட், அதில் 22-17 வெற்றி. கடைசியில் தொடர் 1-2 என்று கைவிட்டுப் போனது. இதைத் தைரியம் என்பார்கள். எனக்கு இதில் பாதி பயமும் இருக்கிறது. மூட்டு நழுவிய தோளை மூன்றே வாரத்தில் ஸ்க்ரமில் கொண்டுபோய் வைக்கலாமா என்ற கேள்வி வேறு எந்தத் தொழிலிலும் எழாது.

கோப்பைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆறு நாடுகள் போட்டியில் அவர் இருந்த வேல்ஸ் அணி ஐந்து தடவை முதலிடம் பிடித்தது. அதில் 2008, 2012, 2019 ஆகிய மூன்றும் கிராண்ட் ஸ்லாம், அதாவது ஐந்து ஆட்டமும் வெற்றி. 2019-இல் கேப்டன் அவர்தான், தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. அயர்லாந்தோடு கார்டிஃபில் கடைசி ஆட்டம், மைதானத்துக் கூரை திறந்திருந்தது, நல்ல மழை. தேசிய கீதத்துக்கு வரிசையில் நின்றபோது, தனக்கு முன்னால் நடுங்கிக்கொண்டு நின்ற சிறுவனுக்குத் தன் கோட்டைப் போர்த்திவிட்டார். அந்தப் படம் அன்றைக்குக் கோப்பையைவிட அதிகம் சுற்றியது. உலகக் கோப்பை மட்டும் கடைசி வரை கைக்கு வரவில்லை. 2011-இல் அரையிறுதியில் பிரான்ஸிடம் 8-9, 2019-இல் அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவிடம் 16-19.

சரி, உலக சாதனை நாளைப் பார்ப்போம். அதற்கு முன் அதிக டெஸ்ட் ஆடியவர் நியூசிலாந்தின் ஃப்ளாங்கர் ரிச்சி மெக்கா, 148. அத்தனையும் ஒரே நாட்டுக்கு. 2020 அக்டோபர் 31 அன்று ஸ்காட்லாந்தோடு ஆடியபோது ஜோன்ஸின் கணக்கு 149 ஆனது: வேல்ஸுக்கு 140, லயன்ஸுக்கு 9. "லயன்ஸ் ஆட்டத்தைச் சேர்த்துத்தானே தாண்டினார்" என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். பின்னால் வேல்ஸ் எண்ணிக்கையே 158-க்குப் போனதில் அந்தப் பேச்சு அடங்கியது. சாதனை நாள் எப்படி இருந்தது தெரியுமா? கொரோனா காலம். கார்டிஃபின் பெரிய மைதானத்தைத் தற்காலிக மருத்துவமனையாக மாற்றியிருந்தார்கள். அதனால் ஆட்டம் லானெல்லியின் சின்ன மைதானத்தில், பார்வையாளர் ஒருவர்கூட இல்லாமல். வேல்ஸ் 10-14 என்று தோற்றது.

அதோடு போகவில்லை. 2022 மார்ச்சில் காயத்திலிருந்து திரும்பி வேல்ஸுக்காக 150-ஆவது ஆட்டம், கார்டிஃபில், இத்தாலிக்கு எதிராக. ஆறு நாடுகள் போட்டியில் ஏழு வருடமாக ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காத இத்தாலி. கடைசி நிமிடத்தில் ஒரு ட்ரை போட்டு 22-21 என்று கவிழ்த்துவிட்டார்கள். கடைசி டெஸ்ட் 2023 மார்ச்சில் பாரிஸில், பிரான்ஸிடம் 28-41. முதல் ஆட்டம், சாதனை ஆட்டம், 150-ஆவது, கடைசி: இந்த நான்கும் தோல்வி. ஃபார்வர்டின் எண்ணை வெற்றிக் கணக்காகப் படித்தால் ஏன் தவறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். நியூசிலாந்தின் லாக் சாம் வைட்லாக் 153, மெக்கா 148, இத்தாலியின் 8-ஆம் எண்காரர் செர்ஜியோ பாரிஸே 142. எல்லோரும் ஃபார்வர்ட்கள். பேக்குகளில் அயர்லாந்தின் பிரையன் ஓ'டிரிஸ்கால் லயன்ஸையும் சேர்த்து 141 வரை வந்தார். அடிபடுவது அதிகம் ஃபார்வர்ட்கள்தானே, அவர்கள் எப்படி நீண்ட நாள் ஓடுகிறார்கள்? பேக்குக்கு வேகம்தான் முதல், அது முப்பதைத் தாண்டினால் குறையும், குறைந்தால் எல்லோர் கண்ணிலும் படும். ஃபார்வர்டின் பலமும், ஸ்க்ரமில் எந்தக் கோணத்தில் தள்ளுவது என்ற நெளிவு சுளிவும் வயதோடு கூடுகிற சரக்கு. இது என் ஊகம்தான், ஆனால் பட்டியல் இதற்கு எதிராகப் பேசவில்லை.

ஒரு நாட்டுக்கு ஆட யாருக்குத் தகுதி என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது பெற்றோரோ தாத்தா பாட்டியோ அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது ஐந்து வருடம் தொடர்ந்து அங்கே வசித்திருக்க வேண்டும். கிளப் அணிக்கு எந்த நாட்டிலும் ஆடலாம். ஆனால் வேல்ஸ் 2017-இல் ஒரு கட்டுப்பாடு வைத்தது: வெளிநாட்டு கிளப்புக்குப் போனவர் 60 கேப் எடுத்திருந்தால்தான் தேசிய அணியில் சேர்த்துக்கொள்வோம் என்று. 2023-இல் அதை 25 ஆகக் குறைத்தார்கள். ஆக, கேப் என்பது வெறும் பெருமை மட்டும் இல்லை, எங்கே சம்பாதிக்கலாம் என்பதையும் அதுதான் தீர்மானிக்கிறது.

ஓய்வு அறிவித்த பிறகு ஜோன்ஸ் சில மாதம் பிரான்ஸின் துலோன் கிளப்புக்கு ஆடினார். 2023 நவம்பரில் பார்பேரியன்ஸ் என்ற அழைப்பு அணியில் சேர்ந்து கார்டிஃப் மைதானத்துக்குத் திரும்பி வந்தார். எதிரில் நின்றது வேல்ஸ். பார்பேரியன்ஸ் எந்த நாட்டின் அணியும் இல்லை என்பதால் அந்த ஆட்டத்தால் அவர் கணக்கு ஏறவில்லை. வேல்ஸ் ஜெயித்தது.